எருசலேம் விழுந்தது கி.மு. 587-ஆ, 586-ஆ? புத்தாண்டு எந்த மாசம்னு சொல்லுங்க, விடை சொல்றேன்!

[திரை: ரெண்டு வசனம் பக்கத்துல பக்கத்துல]

யூதா ராஜா யோயாக்கீனை பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடிச்சது தன் ஆட்சியோட எட்டாம் வருஷத்துல. இது 2 இராஜாக்கள் 24:12. சிறைபிடிச்சுக் கொண்டுபோனது ஏழாம் வருஷத்துல. இது எரேமியா 52:28. எருசலேம் எரிஞ்சதுக்கும் இதே கதைதான்: ஒரு இடத்துல பத்தொன்பதாம் வருஷம், இன்னொரு இடத்துல பதினெட்டு. எப்பவும் சரியா ஒண்ணு வித்தியாசம். தப்பா எழுதியிருந்தா இவ்வளவு ஒழுங்கா தப்பு வராது மக்களே!

வணக்கம். முதல்ல அடிப்படையை வேகமா முடிச்சிடுறேன்.

எபிரெய மாசம் பிறையோட பிறக்கும். பன்னிரண்டு மாசம் சேர்ந்தா சுமார் 354 நாள், சூரிய வருஷத்துக்கு 11 நாள் குறை. அப்படியே விட்டா வசந்தத்துல வர்ற பஸ்கா பண்டிகை குளிர்காலத்துக்கு நகர்ந்துடும். அதனால ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை கடைசி மாசமான ஆதாரை இன்னொரு தடவை வைப்பாங்க. பிற்காலத்துல இது 19 வருஷத்துக்கு 7 கூடுதல் மாசம்னு நிலையான கணக்காச்சு. அதுக்கு முன்னாடி? வாற்கோதுமை விளைஞ்சிருக்கா, மரத்துல காய் வந்திருக்கான்னு பார்த்து முடிவு பண்ணாங்க. நிசான், ஆதார்ங்கிற பேரெல்லாம் பாபிலோன்ல இருந்து வந்தது. சாலொமோன் காலத்துல சீப், ஏத்தானீம்னு வேற பேர். அடிப்படை முடிஞ்சது.

இப்போ கேள்வி. "ராஜாவோட இத்தனையாம் வருஷம்"னு மட்டும்தான் பைபிள் சொல்லும். அதை கி.மு. எண்ணா மாத்த ஒரு ஆணி வேணும். அந்த ஆணி அசீரியாவுல கிடைச்சது.

[திரை: களிமண் பலகை]

அசீரியர்கள் வருஷத்துக்கு எண் போடல, ஒரு அதிகாரியோட பேரை வைப்பாங்க. அந்தப் பேர்ப்பட்டியல்ல, குசானா ஊர் ஆளுநர் பூர்-சகாலே பேர்ல இருக்கிற வருஷத்துக்கு நேரா, அசூர் நகரத்துல கலகம், சிவான் மாசத்துல சூரிய கிரகணம்னு குறிப்பு இருக்கு. வானியல் கணக்கு போட்டா கி.மு. 763 ஜூன் 15. அங்கிருந்து பேர்களை ஒவ்வொண்ணா பின்னாடி எண்ணினா 853, அசீரியா சிரியாவுல நடத்தின கர்கார் போர். அசீரிய ராஜா மூணாம் சல்மனாசார் தன் எதிரிகள் பட்டியல்ல "இஸ்ரவேலன் ஆகாப், 2,000 ரதம், 10,000 வீரர்"னு செதுக்கி வச்சிருக்கார். (2,000 ரதத்தை நான் நம்பல. அத்தனைக்கு குதிரையும் தீனியும் எங்கே?) அதே ராஜா 841-ல இன்னொரு இஸ்ரவேல் ராஜா யெகூகிட்ட கப்பம் வாங்கினதாவும் எழுதியிருக்கார்.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச இடம், மெதுவாப் போறேன்.

ஆகாப் உயிரோட இருந்தது 853. யெகூ ராஜாவா இருந்தது 841. இடைவெளி 12 வருஷம். ஆனா நடுவுல ரெண்டு ராஜாக்கள்: அகசியா 2 வருஷம், யோராம் 12 வருஷம். மொத்தம் 14. பன்னிரண்டுக்குள்ள பதினாலு எப்படி அடங்கும்?

வயசு கேட்டா நம்ம ஊர்ல எப்படிச் சொல்வோம்? "நாப்பது முடிஞ்சு நாப்பத்தொண்ணு நடக்குது." முடிஞ்சதைச் சொல்லலாம், நடப்பையும் சொல்லலாம். இஸ்ரவேல் எழுத்தர்கள் நடப்பைச் சொன்னாங்க. ராஜா பட்டத்துக்கு வந்த அந்தத் துண்டு வருஷமே அவருக்கு "ஒண்ணு". அதே வருஷம் செத்துப்போனவருக்கு "கடைசி". ஆக ஒரே வருஷம் ரெண்டு பேர் கணக்குலயும் ஏறும்.

[திரை: வருஷக் கட்டம், ஒவ்வொண்ணா நிறம் மாறுது]

போட்டுப் பாருங்க. அகசியா: 853, 852. ரெண்டாச்சு. யோராம்: 852-ல இருந்து 841 வரைக்கும் விரல் விட்டு எண்ணுங்க, பன்னிரண்டு. கச்சிதம்! ஒரு வருஷம்கூட மிச்சமில்லை. அதாவது கர்கார் போர் நடந்த வருஷமே ஆகாப் செத்திருக்கணும், கப்பம் கட்டின வருஷமே யெகூ பட்டத்துக்கு வந்திருக்கணும். 20-ஆம் நூற்றாண்டுல பைபிள் காலக்கணக்கு ஆராய்ச்சியாளர் எட்வின் தீலே இந்த வழியிலதான் ராஜாக்களோட எண்களை வரிசையா அவிழ்த்தார். அவர் சொன்ன எல்லாத்தையும் எல்லா அறிஞர்களும் ஏத்துக்கல. இந்தப் பன்னிரண்டை அசைக்கிறது கஷ்டம்.

பாபிலோன்ல முறை வேற: பட்டத்துக்கு வந்த துண்டு வருஷத்தை எண்ண மாட்டாங்க, அடுத்த நிசான் (அவங்க முதல் மாசம்) ஒண்ணாம் தேதியில இருந்துதான் "ஒண்ணு". இப்போ ஏழும் எட்டும் புரிஞ்சிருக்கும். பாபிலோன் வரலாற்றுப் பலகையே "ஏழாம் வருஷம், ஆதார் 2"-ல நகரம் பிடிபட்டதா சொல்லுது. அது கி.மு. 597 மார்ச் 16. எரேமியா 52 பாபிலோன் முறை, இராஜாக்கள் நடப்பு முறைன்னு வச்சா ரெண்டு ஜோடியும் ஒரே அடியில சரியாகுது.

அப்போ எருசலேம் எரிஞ்சது? அந்தப் பலகை 594-ஓட உடைஞ்சு நிக்குது! இங்கேதான் சண்டை.

பைபிள் சொல்றது: 597-ல யோயாக்கீனுக்குப் பதிலா வந்த ராஜா சிதேக்கியாவோட 11-ஆம் வருஷம், ஐந்தாம் மாசம். வருஷம் நிசான்ல, அதாவது வசந்தத்துல பிறந்தா 11-ஆம் வருஷத்துக் கோடை 587. திஷ்ரியில, இலையுதிர் காலத்துல பிறந்தா 586. கவனிங்க: வருஷம் எதுல பிறந்தாலும் மாச எண் நிசான்ல இருந்துதான். திஷ்ரி எப்பவும் "ஏழாம் மாசம்".

திஷ்ரிக்கு சாட்சி உண்டா? நெகேமியா 1:1-ல கிஸ்லேயு மாசம், இருபதாம் வருஷம். நாலு மாசம் கழிச்சு 2:1-ல நிசான் மாசம், அதுவும் பாரசீக ராஜா அர்தசஷ்டாவோட இருபதாம் வருஷமாம். நிசான்ல வருஷம் பிறந்திருந்தா 21 ஆகியிருக்கணுமே!

586 கட்சிக்கு இன்னொரு பலம் எசேக்கியேல் 33:21. பாபிலோன்ல சிறையிருந்த எசேக்கியேலுக்கு நகரம் விழுந்த சேதி வந்தது சிறையிருப்பின் 12-ஆம் வருஷம் பத்தாம் மாசம். சிறையிருப்பை 597 நிசான்ல இருந்து எண்ணினா அது 585 ஜனவரி. 587-ல விழுந்திருந்தா சேதி வர ஒன்றரை வருஷமா? பிற்காலத்துல பாபிலோன்ல இருந்து எருசலேமுக்கு வந்த எஸ்றா அதே தூரத்தை நாலு மாசத்துல கடந்திருக்கார். ஆனா சில எபிரெயப் பிரதிகள்லயும் சிரியாக் மொழிபெயர்ப்புலயும் "பதினோராம் வருஷம்"னு இருக்கு. அதை எடுத்தா 587 திரும்ப எழுந்து உட்காருது. பதினெட்டு-பத்தொன்பது ஜோடி அழகா உட்கார்றதால என் ஓட்டு 587-க்கு. திட்டணும்னா கீழே திட்டுங்க.

ஒரு எச்சரிக்கை. எபிரெயத் தேதி மாத்துற செயலியில "ஆப் 9, கி.மு. 587"னு (ஆப்ங்கிறது ஐந்தாம் மாசம்) போட்டு வர்ற நாளை நம்பாதீங்க. அது பிற்கால நிலையான கணக்கை பின்னோக்கி இழுக்குது; அந்தக் காலத்துல எந்த வருஷம் கூடுதல் மாசம் வந்ததுன்னு அதுக்குத் தெரியாது. நான் சொன்ன தேதிகள் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி. இப்போ நாம பயன்படுத்துற கிரிகோரியன்ல மார்ச் 16, மார்ச் 10 ஆயிடும். கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, பூஜ்ய வருஷம் கிடையாது. நாசா கிரகணப் பட்டியல்ல 763 தேடினா கிடைக்காது, மைனஸ் 762-னு தேடணும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: யெகூ ஆண்டது 28 வருஷம், நடப்பு முறை, தொடக்கம் 841. முடிவு எந்த வருஷம்? கமெண்ட்ல போடுங்க. 813-னு போடுறவங்க வீடியோவை நாலாவது நிமிஷத்துல இருந்து திரும்பப் பாருங்க.