மயங்கிக் கிடந்தவரின் சாட்சி

நேயர்களுக்கு வணக்கம். அறுவை சிகிச்சையில் நேர்ந்த அலட்சியத்துக்காகத் தொடுக்கப்படும் வழக்குகளில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. பாதிக்கப்பட்டவர்தான் முதல் சாட்சி. ஆனால் சம்பவம் நடந்தபோது அவர் மயக்க மருந்தின் பிடியில் இருந்திருப்பார். அரங்கில் விழித்திருந்தவர்கள் எல்லோருமே எதிர்த்தரப்பினர். ஆகவே இவ்வழக்குகளின் தலைவிதி பெரும்பாலும் காகிதங்களில்தான் இருக்கிறது.

சில வேளைகளில் உடலே சாட்சி சொல்லிவிடும். 1963-இல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பின் கருத்தடை அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணுக்குக் காய்ச்சலும் கடும் வலியும் விடாமல் தொடர, வேறொரு மருத்துவர் வயிற்றைத் திறந்து பார்த்தபோது, முதல் அறுவையில் உள்ளேயே விட்டுவிட்ட துணி ஒன்று கிடைத்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார். துணி தானாக வயிற்றுக்குள் போயிருக்க முடியாது. அங்கே அலட்சியத்துக்குத் தனிச் சான்று தேவையில்லை. விசாரணை நீதிமன்றம் வழங்கிய 36,000 ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1996-இல். இடையில் ஓடியவை 33 ஆண்டுகள். தையல் போடுமுன் துணிகளை எண்ணிச் சரிபார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

எல்லா வழக்குகளும் இவ்வளவு வெளிச்சமானவை அல்ல. திறம்படச் செய்த அறுவைக்குப் பிறகும் சீழ் பிடிக்கலாம், ரத்தம் கசியலாம். நோயாளி தேறவில்லை என்பதாலேயே மருத்துவர் தவறிழைத்தவர் ஆகிவிடமாட்டார். அத்துறையில் சராசரித் திறமையுள்ள ஒருவர் அதே சூழலில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதே கேள்வி. குற்றவியல் வழக்கென்றால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. மருத்துவர்களுக்குச் சாதகமான தீர்ப்பு என்று சிலர் குறைபட்டுக்கொண்டாலும், சிறைக்கு அஞ்சி நடுங்கும் கையிடம் நம் வயிற்றைக் கொடுக்க நம்மில் யார் துணிவோம்?

ஒப்புதல் விஷயத்தில் மட்டும் எனக்கு இந்த இரக்கம் கிடையாது. டெல்லியில் 1995-இல், வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி வழியே உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயாரிடம் கையொப்பம் வாங்கிக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், நினைவு திரும்பும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் ஊரிலோ, அறுவைக்கு முந்தைய இரவு, நிரப்பப்படாத படிவத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, "இங்கே, இங்கே" என்று காட்ட, கையெழுத்துப் போட்டுக்கொடுக்கிறோம். என்ன அறுவை என்ற கோடு காலியாக இருந்தால், அதை நிரப்பச் சொல்லிக் கேட்பது அவமரியாதை ஆகாது.

ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியது மருத்துவமனை வாசலில் மறியல் அன்று. கேஸ் ஷீட், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு ஆகியவற்றின் நகல்களை எழுத்துமூலம் கேட்டு, கடிதம் கிடைத்ததற்கு ஒப்புகை பெறுவது. 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கப் பொதுவாக இரண்டு ஆண்டுகளே அவகாசம். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அவற்றின் மீது உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம். வணக்கம்.