கோடையில் வரும் மார்கழி

அவைத்தலைவர் ஐயா அவர்களே, ஆலயச் செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே (பொருளாளரை விட்டுவிட்டால் மைக் நின்றுவிடும், அதனால் உரக்கவே சொல்கிறேன்), ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கவுன்சிலர் அவர்களே, பக்கத்து ஊர்க் கோவிலிலிருந்து வந்து பூசையை நிறைவாக நடத்திக்கொடுத்த குருக்கள் ஐயா அவர்களே, தேவாரம் பாடிய பிள்ளைகளே, விடிகாலையிலிருந்து பின்கட்டில் பருப்பும் கத்தரிக்காயும் ஆக்கிக்கொண்டிருக்கும் மகளிர் அணித் தாய்மார்களே, நாற்காலி சுமந்த இளைஞர்களே, சுமக்காமல் வாசலில் போன் பார்த்துக்கொண்டு நின்ற இளைஞர்களே, ஆயாக்களே, தாத்தாக்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் நன்றியுரையில் செயலாளர் சரிசெய்வார்.

‘விடுமுறைக் காலமும் வீட்டு வழிபாடும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பகுதியாகச் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஒன்று நேரம், இரண்டு அடுப்படி, மூன்று நாக்கு. நேரம் மிஞ்சினால் மனத்துக்குள்ளேயே கோவில் கட்டிய பூசலார் நாயனார் கதையும் உண்டு.

இந்த நவம்பர் மாதம் 16ஆம் தேதியைக் கொண்டாடினோம். 1860ஆம் ஆண்டு அதே நாளில்தான் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் இந்த டர்பன் துறைக்கு வந்தது. அதன்பின் 1911 வரை கப்பல் கப்பலாக ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் வாரம் ஆறு நாள் வேலை. அந்த ஆறு நாளுக்கு நடுவில் மூங்கிலும் களிமண்ணும் தகரமும் வைத்து அம்மனுக்குக் குடில் போட்டார்கள், கொடி ஏற்றினார்கள், காவடி எடுத்தார்கள். நமக்கு நேரமில்லை என்று சொல்வதற்கு முன்னால் அவர்களை ஒரு தடவை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த ஊரில் பாதி வீட்டில் அம்மி ஏற்கெனவே நகர்ந்துவிட்டது. அடுப்படியிலிருந்து கொல்லைக்கு நகர்ந்து, கறிவேப்பிலை மரத்தடியில் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. பழமொழியையாவது வீட்டுக்குள் வைத்திருப்போம்.

முதலில் நேரம். இந்தியாவில் எழுதிய வழிபாட்டுக் குறிப்பை அப்படியே எடுத்து இங்கே வைத்தால் சிக்கல் வரும். அங்கே மார்கழி என்றால் பனி. இங்கே மார்கழி நடுக்கோடை. சென்னையில் மார்கழிச் சூரியன் காலை 6.30-ஐ ஒட்டி உதிக்கும். டர்பனில் அதே நாளில் ஏறக்குறைய 4.45-க்கே வெயில் திரைச்சீலைக்குள் நுழைந்துவிடும். சூரிய உதயத்துக்கு முன் பாவை பாட வேண்டும் என்றால் 3.30-க்கு எழ வேண்டும். முதல் நாள் எல்லோரும் எழுவார்கள். டிசம்பர் 16 அரசு விடுமுறை நாள், மார்கழியும் பெரும்பாலும் அன்றுதான் பிறக்கிறது. இரண்டாம் நாள் அம்மா மட்டும் எழுவார். நான்காம் நாள் அலாரமும் எழாது. தோற்றுப்போவதற்கென்றே ஒரு திட்டம் போட்டால் அது தோற்கத்தான் செய்யும். அந்தத் தோல்விக்குப் பிள்ளைகளைத் திட்டுவது வேறு கூத்து.

ஆகவே விடுமுறை மாதத்தில் மாலை விளக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் இங்கே பொழுது சாய்வது மாலை 7 மணியை ஒட்டி. 6.45-க்கு விளக்கு. கடற்கரையிலிருந்து வந்த மணலைக் கழுவிவிட்டு, ஈர உடை மாற்றிவிட்டு, எல்லோரும் ஓரிடத்தில் 15 நிமிடம். அதற்குமேல் இழுக்காதீர்கள். 40 நிமிடம் இழுத்த வீட்டில் மறுநாள் பாதிப் பேருக்குத் தலைவலி வந்துவிடும்.

காமாட்சி விளக்கை வியாழனன்று புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். உள்ளே ஒரு சொட்டு நீர் நின்றாலும் திரி படபடவென்று வெடித்து அணையும். பஞ்சுத் திரி இரண்டைச் சேர்த்துத் திரித்து, முழுவதும் எண்ணெயில் ஊறவிட்ட பிறகு ஏற்றுங்கள். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஒரு மணி நேரத்துக்குத் தாராளம். திரியின் நுனி அரை விரற்கடைக்குமேல் வெளியே நீண்டால் கரி படியும், சாமி ரூம் சுவர் கறுக்கும், பழி எண்ணெய்க்கடைக்காரர் மேல் விழும். திரியை முகப்பில் இறுக்கி அடைத்தாலோ எண்ணெய் ஏறாது. இந்த ஊர்க் கோடையில் மின்விசிறியை நிறுத்த மனம் வராது, தெரியும். விசிறியை நிறுத்த வேண்டாம், விளக்கை அதன் நேர்க்கோட்டிலிருந்து விலக்கி மூலையில் வையுங்கள். முடிந்ததும் ஊதாதீர்கள். ஒரு பூவால் திரியை எண்ணெய்க்குள் தள்ளிக் குளிரவையுங்கள். வெளியே கிளம்பும்போது எரியும் விளக்கை விட்டுவிட்டுப் போகவே கூடாது.

கற்பூரம் கோடையில் தானே கரைந்து காற்றோடு போய்விடும். இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் நாலைந்து மிளகோடு போட்டுவையுங்கள், சிறுபிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். விபூதி ஈரக்காற்றில் கட்டி தட்டும். கிண்ணத்தில் கொட்டி வைக்காமல் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். கோலத்தைப் பிற்பகலில் போட்டால் வடகிழக்குக் காற்று ஒரு பாதியைக் கொண்டுபோகும், சாயங்கால மழை மறுபாதியை. காலையில் போட்டால் எறும்பு தின்னும். எறும்பு தின்னட்டும், அரிசிமாவில் போடுவதே அதற்காகத்தான்.

இனிப் பயணம். டிசம்பரில் நம்மில் பாதிப் பேர் ஜோஹன்னஸ்பர்க்குப் போகிறோம், அங்கிருந்து பாதிப் பேர் இங்கே வருகிறார்கள், நடுவில் வான் ரீனன் கணவாயில் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். பயணம் போகிற வீட்டுக்கு ஒரு பெட்டி போதும். இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா. அதில்லாத வீடு இந்த நாட்டில் கிடையாது, திறந்தால் ஐஸ்கிரீம் இருந்ததும் கிடையாது. அதற்குள் சின்ன அகல் ஒன்று, அதன் கீழே வைக்கத் தட்டு ஒன்று, திரி பத்து, திருகுமூடிப் பாட்டிலில் 100 மில்லி எண்ணெய், விபூதி, குங்குமம், தீப்பெட்டி, உள்ளங்கை அளவு சாமி படம் ஒன்று. எண்ணெய்ப் பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போடுங்கள். இல்லையென்றால் வழியிலுள்ள ஹாரிஸ்மித் போய்ச் சேருமுன் முருகனுக்கு எண்ணெய்க்காப்பு முடிந்திருக்கும். கற்பூரமும் சாம்பிராணியும் மட்டும் வேண்டாம். ஏன் என்று கேட்டால் ஒரு கதை இருக்கிறது.

நம் வட்டாரத்தில் பலர் கேட்ட கதைதான். எந்த வீடு என்று சொல்லமாட்டேன், அந்த வீட்டார் இங்கேயே உட்கார்ந்திருக்கலாம். தெற்குக் கடற்கரையில் எட்டாவது மாடியில் ஒரு விடுமுறை ஃபிளாட். ஆயா, தாத்தா, இரண்டு மகன்கள், மருமகள்கள், ஏழு பேரப்பிள்ளைகள். வெள்ளிக்கிழமை மாலை. மகன்மார் கீழே பிராய் அடுப்பில், அதாவது கம்பி மேல் வைத்துச் சுடும் திறந்தவெளி அடுப்பில், நெருப்பு மூட்டப் போய்விட்டார்கள். ஆயா டப்பாவைத் திறந்தார். விளக்கு ஏற்றினார், கற்பூரம் காட்டினார், அதோடு நிறுத்தியிருக்கலாம். வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று கப் சாம்பிராணி ஒன்று கொளுத்தினார். ஒன்று போதாது என்று இன்னொன்று. காற்று வந்து விளக்கு அணையக் கூடாதென்று சன்னலையும் சாத்தினார். கூரையில் வெள்ளைத் தட்டு மாதிரி ஒன்று ஒட்டியிருக்குமே, அதை ஆயா விளக்கு மாட்டும் இடம் என்று நினைத்திருக்கிறார்.

அது அலறத் தொடங்கியது. ஒரு ஃபிளாட்டில் அல்ல, கட்டடம் முழுக்க. லிஃப்ட் நின்றது. எட்டு மாடியும் படிக்கட்டில் இறங்குகிறது. நீச்சல் உடையோடு சிலர், தலையில் ஷாம்பூ நுரையோடு ஒருவர், நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. நம் ஆயா கடைசியாக இறங்குகிறார், நைட்டிக்கு மேல் சால்வை, கையில் முருகன் படம். தாத்தா வரவில்லை. அவருக்குக் காது கேட்காது, தூங்கிக்கொண்டிருக்கிறார். மகன்மார் பிராய் அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்கிறார்கள், தங்கள் புகைதான் மேலே போய்விட்டதென்று!

காவலாளி எட்டாவது மாடிக்கு ஓடினார். ஜூலு இளைஞர். கதவைத் திறந்தார், மூக்கை உறிஞ்சினார், விளக்கைப் பார்த்தார், தூங்கும் தாத்தாவைப் பார்த்தார், சன்னலைத் திறந்துவிட்டுக் கீழே வந்தார். முற்றத்தில் அத்தனை பேரும் வாயைப் பார்க்கிறார்கள். அவர் நேரே ஆயாவிடம் வந்து, “கோகோ, அது உங்கள் இம்பெபோவா?” என்று கேட்டார். கோகோ என்றால் பாட்டி. இம்பெபோ அவர்கள் வீட்டில் முன்னோரை அழைக்கப் புகைக்கும் மூலிகை. ஆயா தலையாட்டினார். அவர் கூட்டத்தைப் பார்த்து, “ஒன்றுமில்லை, பாட்டி சாமி கும்பிடுகிறார், மேலே போங்கள்” என்றாராம். ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

கதை அங்கே முடியவில்லை. மேலே போகும்போது அந்த இளைஞர் பேரனிடம் கேட்டிருக்கிறார்: “எங்கள் வீட்டில் இம்பெபோ புகைத்தால் முன்னோர் பெயரையெல்லாம் சொல்வோம். நீங்கள் என்ன சொல்வீர்கள்?” பதினான்கு வயதுப் பையன். பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பாட்டைப் பாடுகிறவன். “பாடுவோம், ஆனால் என்ன பாடுகிறோம் என்று தெரியாது” என்றான்.

இங்கேதான் நம் மூன்றாவது பகுதி வருகிறது. அடுப்படி நடுவில் நிற்கிறது, அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். புரட்டாசி விரதத்தை இந்த நாட்டுத் தமிழர்போல் பிடிப்பவர் குறைவு. அதே கையால் டிசம்பரில் வெள்ளிக்கிழமை ஒருநாள் பிராய்க் கம்பியில் சோளமும் காளானும் சுடலாம். சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி முழுவதும் குழைந்த பிறகே வெல்லம் போடுங்கள், முன்னால் போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும். பொங்கலும் பள்ளி திறப்பும் பெரும்பாலும் ஒரே வாரத்தில் மோதும், பானையையும் சீருடையையும் ஜனவரி முதல் வாரமே வாங்கிவையுங்கள். அடுப்படி அவ்வளவுதான்.

நாக்கு. நம் வீட்டுப் பாட்டுத்தாள்கள் எந்த எழுத்தில் இருக்கின்றன? ஆங்கில எழுத்தில். எம், ஏ, எல், ஏ, ஐ என்று அச்சடித்திருக்கிறோம். அது மலையா, மாலையா? பிள்ளை முருகனுக்கு மாலை சாத்துகிறதா, மலையைத் தூக்கிச் சாத்துகிறதா? வி, ஏ, எல், ஐ என்றால் வழியா, வலியா, வாலியா? “வழி காட்டு” என்று கேட்க வேண்டிய பிள்ளை “வலி காட்டு” என்று உருகிப் பாடுகிறது. கேட்கிற தெய்வம் திருத்திப் புரிந்துகொள்ளும். பாடுகிற பிள்ளைக்கு யார் திருத்துவது?

1996ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழின் பெயர் அச்சாகியிருக்கிறது. நாட்டின் அரசியல் சட்டத்தில் இருக்கிற மொழி நம் கோவில் வகுப்பறையில் பத்து வாரம் பூட்டிக் கிடக்கிறது. நவம்பர் கடைசியில் தமிழ் வகுப்பை மூடினால் பிப்ரவரியில்தான் திறக்கிறோம். வாரம் ஒரு மணி நேரம் படித்த உயிர் 12, மெய் 18 இந்தப் பத்து வாரத்தில் எங்கே போகும்? கடலோடு போகும். பிப்ரவரியில் மறுபடி ‘அ’. அடிமேல் அடி அடித்தால்தான் அம்மி நகரும். பத்து வாரம் அடிக்காமல் இருந்தால் நகர்ந்த அம்மியும் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நிர்வாகக் குழுவுக்கு என் கோரிக்கை இதுதான், கவுன்சிலர் ஐயாவும் கேட்டுக்கொள்ளட்டும். டிசம்பர் 16 முதல் ஜனவரி 13 வரை செவ்வாயும் வெள்ளியும் மாலை 5.30-லிருந்து 6.15 வரை வகுப்பறையைத் திறந்துவையுங்கள். விளக்கு நேரத்துக்குப் பிள்ளை வீடு போய்விடும். திருப்பாவையில் 30 பாட்டு. திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, அதுவும் 30. முப்பதையும் பிடிக்க வேண்டாம். நான்கே பாட்டு, வாரத்துக்கு ஒன்று. ஒரு பாட்டுக்கு எட்டு அடி. திங்கள் முதல் வியாழன் வரை வீட்டில் நாளுக்கு இரண்டடி, தமிழ் எழுத்தில், பிள்ளை தன் கையால் நோட்டில் எழுதிப் படிக்கட்டும். வெள்ளிக்கிழமை விளக்கு முன்னால் எட்டு அடியும். சனி, ஞாயிறில் தாத்தா பொருள் கேட்கட்டும். ஆங்கில எழுத்துத் தாளை அந்த நான்கு பாட்டுக்கு மட்டுமாவது ஒளித்துவையுங்கள். முதல் வாரம் திக்கும், பெற்றோர் எடுத்துக் கொடுக்க ஆசைப்படுவார்கள். எடுத்துக் கொடுத்தால் எழுத்தைப் பார்க்காமல் காதால் பிடித்துக்கொள்ளும், வேலை கெட்டது. ஊர் போனால் நோட்டும் அந்த ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போகட்டும். ஆசிரியர் இருவர் சம்பளமில்லாமல் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சாவியும் மின்கட்டணமும்தான் பாக்கி, பொருளாளர் ஏன் கீழே பார்க்கிறார் என்று தெரியவில்லை.

பூசலார் கதைக்கு நேரமில்லை. தைப்பூசத்துக்கு வரும்போது சொல்கிறேன். பெயர் எழுதும் நோட்டு வாசலில், செருப்பு அடுக்கும் பலகைக்கு வலப்பக்கம் மேசை மேல் இருக்கிறது. பிள்ளையின் பெயர், வயது, எந்தெந்த வாரம் ஊரில் இருக்கமாட்டீர்கள், மூன்றையும் எழுதுங்கள். குறைந்தது பன்னிரண்டு பெயராவது வேண்டும், இல்லாவிட்டால் சாவி கிடைக்காது. பேனாவை மேசையோடு நூலால் கட்டியிருக்கிறோம், அவிழ்க்காதீர்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பின்கட்டிலிருந்து பருப்பு ஆறுகிறது என்று தாய்மார்கள் சைகை காட்டுகிறார்கள். வணக்கம்.