"மற்றும் குழுவினர்": லீ மார்கன் ஆல்பத்தை வச்சு ஒரு மேடைப் பேச்சு

(எங்க ஊர் நூலக மாடியில போன ஞாயித்துக்கிழமை பேசினது. ஞாபகத்துல இருந்து டைப் பண்ணிருக்கேன், கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.)

எல்லாருக்கும் வணக்கம். விழாத் தலைவர் ஐயா அவர்களுக்கு முதல் வணக்கம். ஐயா எனக்கு ஆறாங்கிளாஸ்ல கணக்கு எடுத்தவர், இன்னிக்கும் அவர் பக்கத்துல உக்காந்தா என் விரல் தானா மடங்கிக்குது, ஏன்னு என் வயசுக்காரங்களுக்குத் தெரியும். முன்னிலை வகிக்கிற முன்னாள் கவுன்சிலர் அண்ணனுக்கு வணக்கம், இந்த மாடிக்கு ஃபேன் போட்டுக் கொடுத்தது அண்ணன்தான், அதுல ரெண்டு இன்னும் சுத்துது. நூலகர் அம்மாவுக்கு வணக்கம். சால்வை போத்துன வர்த்தகர் சங்கத்து அன்பர்களுக்கும் நன்றி, ஆனா சித்திரை மாசத்துல சால்வை வேணாம், அடுத்த தடவை புத்தகமா கொடுங்க. இவங்க பேரையெல்லாம் நான் சொல்லலன்னு கோச்சுக்காதீங்க, பின்னாடி பேனர்ல முழம் முழமா இருக்கு. பேனர்ல பேர் இல்லாத ஒருத்தர் இந்த ஹால்ல இருக்கார், அதோ கதவுகிட்ட ஸ்டூல்ல உக்காந்திருக்க மைக் செட் தம்பி. அவர் இல்லன்னா நான் பேசறது முதல் வரிசைக்கே கேக்காது. அவர் பேரைச் சொல்றேன், கை தட்டுங்க. (மேடையில சொன்னேன், தட்டினாங்க. இங்க எழுதல, "நெட்ல எல்லாம் போடாதீங்கண்ணே"ன்னு தம்பியே கேட்டுக்கிட்டார்.)

கமிட்டி எனக்குக் கொடுத்த தலைப்பு, ஒரு ஜாஸ் டிரம்பெட் கலைஞர் சின்னக் குழுவை வச்சு புது ஆல்பம் போடற கதை. நான் எடுத்துக்கிட்டது லீ மார்கன். மூணு விஷயம் பேசப்போறேன். ஒண்ணு, லீ மார்கன் யாரு. ரெண்டு, "தி சைட்வைண்டர்"ங்கற ஆல்பம் எப்படி வந்துச்சு. மூணு, அந்தப் பாட்டோட 24 பார் ப்ளூஸ்ங்கற (பார்னா ஒரு தாளக் கட்டம்) கணக்கை நம்ம ஆவர்த்தனத்தோட ஒப்பிட்டு ஒரு விளக்கம், தலைவர் ஐயா கணக்கு வாத்தியாருங்கறதால அதை ஸ்பெஷலா தயார் பண்ணிட்டு வந்திருக்கேன்.

முதல்ல ஆள். 1938ல அமெரிக்கால ஃபிலடெல்ஃபியால பொறந்தவர். டிரம்பெட் வாங்கிக் கொடுத்தது அக்கா. அக்காமாருங்க செய்யற வேலை எந்த நாட்டுலயும் கணக்குல வராது, அது வேற கதை. பதினெட்டு வயசுல டிரம்பெட் ஜாம்பவான் டிஸ்ஸி கில்லெஸ்பியோட பெரிய பேண்ட்ல சேர்ந்துட்டார், அதே 1956ல ப்ளூ நோட் கம்பெனிக்கு தன் பேர்லயே ஆல்பம் ரெக்கார்டு பண்ணிட்டார். பத்தொம்பது வயசுல சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோட "ப்ளூ ட்ரெய்ன்" ஆல்பத்துல வாசிச்சிருக்கார், கேட்டுப் பாருங்க, மீசை முளைக்கிற வயசுப் பையன் மாதிரியா இருக்கு? அப்புறம் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியோட ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழு. அங்க இருக்கும்போதுதான் ஹெராயின் போதைப் பழக்கம் புடிச்சுது, 1961ல குழுவை விட்டுட்டு ஊருக்கே திரும்பிட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பி நியூயார்க் வரார், வந்த வருஷக் கடைசியிலயே, 1963 டிசம்பர் 21ஆம் தேதி, இந்த ஆல்பத்தை வாசிக்கறார். அப்ப வயசு 25.

எங்க பாட்டி சொல்லும், ஊர் கூடித் தேர் இழுக்கணும்னு. நான் எந்த மேடைக்குப் போனாலும் இதைச் சொல்றேன்னு என் பசங்க கிண்டல் பண்றாங்க, பண்ணட்டும். தேர் மேல சாமி இருக்கு, அலங்காரம், குடை, எல்லா கண்ணும் அங்கதான். ஆனா தேர் நகர்றது வடம் புடிக்கிறவன் கையில, திரும்பறது முட்டுக்கட்டை போடறவன் கையில. முட்டுக்கட்டைங்கற வார்த்தையை நாம இப்ப திட்றதுக்கு வச்சுக்கிட்டோம், ஆனா தேரடிக்குப் போய்ப் பாருங்க, சக்கரத்துக்கு அடியில கட்டையைச் சரியான நேரத்துல சொருகி சரியான நேரத்துல உருவுற ஆள் இல்லன்னா தேர் யார் வீட்டுத் திண்ணையில போய் நிக்கும்னு சொல்ல முடியாது. அந்த ஆல்பத்துல அந்த வேலை பார்த்தவர் டிரம்ஸ் பில்லி ஹிக்கின்ஸ். வடம் புடிச்சவர் டபுள் பாஸ் பாப் கிரான்ஷா. பியானோ பேரி ஹாரிஸ். டெனர் சாக்ஸ் ஜோ ஹெண்டர்சன். லீ மார்கனோட சேர்த்து மொத்தமே அஞ்சு பேர்.

ரெக்கார்டிங் நடந்த இடம் நியூ ஜெர்சியில எங்கிள்வுட் கிளிஃப்ஸ், ரூடி வான் கெல்டர் ஸ்டுடியோ. வான் கெல்டர் முன்ன தொழில்ல கண் டாக்டர், கண்ணாடிக்குப் பவர் பாத்தவர், முதல்ல அப்பா அம்மா வீட்டு ஹால்லதான் ரெக்கார்டிங் பண்ணிட்டிருந்தார். அந்த வீட்டுல சாயங்காலம் டீ குடிக்க வந்த சொந்தக்காரங்க என்ன பாடு பட்டிருப்பாங்க!

இப்ப அந்தக் கதைக்கு வரேன், இதுக்குத்தான் பாதி பேர் வந்திருக்கீங்கன்னு தெரியும். அன்னிக்கு ஸ்டுடியோல நாலு பாட்டு ரெடியா இருந்துச்சாம், நாலும் லீ மார்கனே எழுதினது. எல்பியில ரெண்டு பக்கத்தையும் நிரப்ப சரக்கு பத்தல. இன்னொண்ணு வேணும். இவர் என்ன பண்ணார்னா, "கொஞ்சம் இருங்க"ன்னுட்டு பாத்ரூம் போயிட்டார். போனவர் வரல. வெளிய நாலு பேர் உக்காந்திருக்காங்க. நான் கற்பனை பண்ணிப் பாக்கறேன், ஹெண்டர்சன் கடிகாரத்தைப் பாக்கறார், ஹாரிஸ் பியானோல ஏதோ தட்டறார், கண் டாக்டர் வேற உள்ள கண்ணாடி ரூம்ல இருந்து முறைக்கிறார், முன்ன ஹெராயின் பழக்கம் இருந்த ஆள் வேற, பாத்ரூம்ல இவ்ளோ நேரம்னா யாருக்குத்தான் வயித்தைக் கலக்காது? நம்ம வீட்டுலயே பத்து நிமிஷம் ஆனா கதவைத் தட்ட ஆரம்பிச்சுடறோம், அதுவும் கூட்டுக் குடும்பத்துல, காலையில ஸ்கூல் வேன் வர்ற நேரத்துல. (இங்க நல்ல சிரிப்பு. தலைவர் ஐயாவே சிரிச்சார்.) கடைசியில கதவு திறந்துச்சு. வந்தவர் கையில என்ன? டாய்லெட் பேப்பர். அதுல நோட்ஸ். பேப்பர் கிடைக்காம அதுலயே எழுதிட்டு வந்துட்டாராம். அதுதான் "தி சைட்வைண்டர்". உலகம் பூரா ஜாஸ் கேக்கறவனுக்கெல்லாம் மனப்பாடமான ட்யூன், 10 நிமிஷம் 25 செகண்ட். இது நடந்ததா, வாய்வழியா வளர்ந்ததான்னு என்னைக் குறுக்கு விசாரணை பண்ணாதீங்க, ஜாஸ்காரங்க காலங்காலமா சொல்லிட்டு வர்ற கதை, நம்ம ஸ்தல புராணம் மாதிரி வச்சுக்கங்க. ஆனா நான் கேக்கறது வேற. அந்தப் பேப்பர்ல இருந்தது வெறும் ட்யூன்தானே? ஆரம்பத்துல பியானோவும் பாஸும் சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடும், இடுப்பு தானா அசையும், அது பேப்பர்லயா இருந்துச்சு? ஹிக்கின்ஸோட சிம்பல்ல, அதான் டிரம்ஸோட பித்தளைத் தட்டுல, ஒரு சிரிப்புச் சத்தம் இருக்கே, அவர் வாசிக்கும்போதே முகம் பூரா சிரிப்பா இருப்பார், போட்டோ பாருங்க, அந்தச் சிரிப்பை யார் பேப்பர்ல எழுத முடியும்? ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும்.

சைட்வைண்டர்னா ஒரு பாம்பு வகை உண்டு, பாலைவனத்துல பக்கவாட்டுல நெளிஞ்சு போகும். அவர் நினைச்சது பாம்பை இல்லையாம், டிவியில வர்ற வில்லனையாம். 

1964ல ஆல்பம் ரிலீஸ் ஆச்சு. கம்பெனிக்கே பெரிய நம்பிக்கை கிடையாது, முதல்ல 4,000 காப்பிதான் அடிச்சாங்கன்னு சொல்வாங்க, மூணு நாலு நாள்ல காலி. அப்புறம் அமெரிக்கால பில்போர்டு பத்திரிகை போடற ஆல்பம் பட்டியல்ல 25ஆவது இடம் வரைக்கும் போச்சு. ஜாஸ் ஆல்பத்துக்கு, அதுவும் ப்ளூ நோட் மாதிரி சின்னக் கம்பெனிக்கு, இது லாட்டரி. கிரைஸ்லர் கார் விளம்பரத்துல அந்த ட்யூனை டிவியில போட்டாங்க, எழுதின ஆளுக்கு அது டிவி பாத்துதான் தெரியும்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் கம்பெனியில எல்லா கலைஞர்கிட்டயும் "முதல் பாட்டு சைட்வைண்டர் மாதிரி ஒண்ணு போடுங்க"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. இந்த வியாதி எங்க இல்ல? லீ மார்கன் அடுத்து 1964 பிப்ரவரியிலயே ரெக்கார்டு பண்ண "சர்ச் ஃபார் தி நியூ லேண்ட்" இதைவிட ஆழமான ஆல்பம்னு நான் சத்தியம் பண்ணுவேன், அதை அலமாரியில வச்சுட்டு 1966லதான் வெளிய விட்டாங்க.

சரி, இப்ப நான் எதுக்கு வந்தேனோ அதுக்கு வரேன். கமிட்டி நண்பர்கள் மன்னிக்கணும்.

அந்த ஆல்பம் உறையைத் திருப்பிப் பாருங்க. அஞ்சு பேர் பேரும் இருக்கு, யாரு என்ன வாத்தியம்னு இருக்கு, ரெக்கார்டு பண்ண கண் டாக்டர் பேர் கூட இருக்கு. அதனாலதான் அறுபது வருஷம் கழிச்சு, கடல் தாண்டி, நூலக மாடியில நின்னுக்கிட்டு நான் பாப் கிரான்ஷான்னு சொல்ல முடியுது. எங்க தாய்மாமா தவில்காரர். முப்பது வருஷம் ஒரே நாயனக்காரருக்கு வாசிச்சார். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தா கட்டுக் கட்டா கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸு, அவர் வாசிச்ச ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கார். அத்தனையிலயும் நாயனக்காரர் பேர் இருக்கு, பக்கத்துல "மற்றும் குழுவினர்". அந்தக் குழுவினர்தான் எங்க மாமா. ஒரே ஒரு நோட்டீஸ்ல பால்பாயிண்ட் பேனாவால அவரே ஓரத்துல தன் பேரை எழுதி வச்சிருந்தார். ஒத்து ஊதறவர், தாளம் போடற பையன், அவங்களுக்கெல்லாம் அந்த ஓரம்கூட கிடையாது. பழைய சினிமா கேசட்டு எத்தனை வீட்டுல கிடக்கு, ஒரு பிட்டுக்காக முப்பது தடவை ரீவைண்ட் பண்ணிக் கேட்ட புல்லாங்குழல் இருக்கு, வாசிச்சது யாருன்னு உறையில தேடிப் பாருங்க.

பேரு போனா காசும் போகும், அதையும் சொல்லணும். அதே பாப் கிரான்ஷா, சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் கூட எத்தனையோ வருஷம் பாஸ் வாசிச்சவர், பின்னாள்ல நியூயார்க் இசைக் கலைஞர் சங்கம் லோக்கல் 802ல சேர்ந்து, ஜாஸ் கலைஞர்களுக்கு பென்ஷன் வேணும்னு கிளப்புகளோட மல்லுக்கட்டினவர். லீ மார்கனும் சும்மா இருக்கல. 1970ல இன்னொரு ஜாஸ் கலைஞர் ரோலண்ட் கிர்க் கூட சேர்ந்து ஜாஸ் அண்ட் பீப்பிள்ஸ் மூவ்மெண்ட்னு ஒண்ணு, கறுப்பின ஜாஸ் கலைஞர்களை டிவியில காட்டவே மாட்டேங்கறாங்கன்னு, ஷோ ரெக்கார்டிங் நடக்கற இடத்துல பார்வையாளர் மாதிரி போய் உக்காந்து, நடுவுல விசில் ஊதி நிறுத்தினாங்க. நம்ம ஊர்ல விசில் அடிக்க ஆளுக்கா பஞ்சம்? ஹீரோவுக்கு அடிக்கிற விசில்ல பத்துல ஒண்ணு வாசிச்சவனுக்கு அடிங்க.

அவர் முடிவு பலருக்குத் தெரியும், சுருக்கமா சொல்லிடறேன். ஹெராயின்ல இருந்து மீட்டு எடுத்து திரும்ப மேடை ஏத்தின ஹெலன்ங்கற பெண்மணி கையாலேயே, 1972 பிப்ரவரியில, நியூயார்க்ல ஸ்லக்ஸ்ங்கற கிளப்புல சுடப்பட்டார். வெளிய பனி கொட்டுது, ஆம்புலன்ஸ் வர நேரமாச்சு. வயசு 33. நாலு வார்த்தை மேல இதைப் பத்திப் பேச எனக்கு இஷ்டமில்ல, இணையத்துல அவரைத் தேடினா வாசிப்புக்கு முன்னாடி இந்தத் துப்பாக்கிதான் வருது.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பாக்கறார். 24 பார் கணக்கு இன்னிக்கு இல்ல, ஐயா மன்னிக்கணும், தனியா ஒரு நாள் போர்டும் சாக்பீஸும் வச்சு பாக்கலாம்.

கதவுகிட்ட மேசையில ஒரு தாள் வச்சிருக்கேன். நம்ம ஊர்ல கோயில் விழாவோ, கல்யாணமோ, பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, நோட்டீஸ் அடிச்சா வாசிக்கிற ஒவ்வொருத்தர் பேரும் வாத்தியமும் போடணும், ஒத்துக்காரர் வரைக்கும். நோட்டீஸ் அடிக்கிற பிரஸ்காரர்கிட்ட விசாரிச்சுட்டேன், நாலு வரி கூடினா காசு கூட வாங்க மாட்டாராம். கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. கவுன்சிலர் அண்ணன் முதல் கையெழுத்துப் போடறதா தலையாட்டிட்டார், வீடியோவுல பதிவாயிருக்கு. ஊர் கூடித் தேர் இழுக்கணும், இதோட நிறுத்திக்கறேன், பசங்க எண்ணிட்டிருக்காங்க.

ஒரே ஒரு விஷயம். நான் பேசி முடிச்ச பிறகு இங்க நாதஸ்வரக் கச்சேரி இருக்கு. பேனரைத் திரும்பிப் பாருங்க. என் பேர் பெருசா இருக்கு, நாயனக்காரர் பேர் இருக்கு, அதுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்க. யார்கிட்டயாச்சும் தடிமனான ஸ்கெட்ச் பேனா இருக்கா? தவில்காரர் அந்தப் பக்கம் டீ குடிச்சிட்டிருக்கார், போய்ப் பேர் கேட்டுட்டு வாங்க, இனிஷியலோட கேளுங்க. ஸ்டூல் எதுக்கு, எட்டாது, ஏணி கொண்டாங்க. தம்பி, அதுவரைக்கும் நீங்க அந்தப் பாட்டைப் போடுங்க, பத்து நிமிஷம் ஓடும்.