கேட்டைப் பூட்டினால்தான் கைகாட்டி இறங்கும்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

புதுக்கோட்டையிலிருந்து மானாமதுரை வரை 1930இல் மீட்டர்கேஜ் பாதை திறந்தார்கள். செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரஸ்தா, கல்லல் என்று நம் ஊர்களுக்கெல்லாம் ரயில் வந்தது. ஸ்டேஷன்களின் பெருமையை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். மாட்டுவண்டித் தடத்தை ரயில்பாதை குறுக்கே வெட்டிய இடத்தில் ஒரு கேட் வந்ததே, இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அந்தக் காலத்துக் கைகாட்டியைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். சிவப்புக் கை கிடையாக நின்றால் ரயில் நிற்கவேண்டும், கீழே சாய்ந்தால் போகலாம். நெம்புகோலை இழுத்தால் கம்பி கப்பிகளின்மேல் ஓடிக் கையைச் சாய்க்கும். நடுவழியில் கம்பி அறுந்துவிட்டால்? கைகாட்டிக் கம்பத்தில் தொங்கும் எடை கையைத் தானே கிடையாக நிறுத்திவிடும். பழுதானாலும் ரயிலை நிறுத்தும்படி அதைச் செய்தவனைக் கும்பிடத் தோன்றுகிறது. இரவில் மண்ணெண்ணெய் விளக்கு. அதன் சுடர் மஞ்சள் என்பதால், பச்சை தெரிய நீலம் கலந்த கண்ணாடியை வைத்தார்கள்.

இதே அறிவு கேட்டுக்கும் வந்தது. கேட்டைப் பூட்டினால்தான் சாவி கையில் வரும். அந்தச் சாவியைப் போட்டால்தான் சிக்னல் நெம்புகோல் அசையும். கேட் திறந்திருக்கும்வரை சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். ‘இன்டர்லாக்கிங்’ என்பது இதுதான்.

இது இல்லாத கேட்டில் எல்லாம் தொலைபேசிதான். ஸ்டேஷன் மாஸ்டர் அழைப்பார். கேட் கீப்பர் மூடிவிட்டு ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். அவர் சொன்ன சொல்லை நம்பி ரயில் வரும். வெயிலிலும் மழையிலும் இந்தப் பாரத்தைச் சுமக்கும் அந்த மனிதர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் தூக்கத்துக்கும் களைப்புக்கும் ஆளாகும் ஒரு மனிதரின் சொல்மேல் மட்டும் பள்ளிப் பிள்ளைகளின் உயிரை வைக்கலாமா? 2025 ஜூலை 8ஆம் தேதி கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்களே, அந்தக் கேட்டுக்கு அப்போது இன்டர்லாக்கிங் கிடையாது.

நம் காரைக்குடி–திருவாரூர் பாதையையே பாருங்கள். அகலப்பாதையாக்கி 2019இல் ரயில் விட்டபோது கேட்டுக்கு ஆள் போதவில்லை. ஆட்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். முன்பக்கம் ஒருவர் இறங்கிக் கேட்டை மூடுவார், ரயில் கடந்தபின் பின்பக்கத்தில் இருப்பவர் இறங்கித் திறப்பார். ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

ஆளில்லாத கேட்டுகளை அகலப்பாதையில் 2019 ஜனவரியோடு ஒழித்துவிட்டார்கள். நல்ல காரியம். மிச்சமிருப்பது தொலைபேசியை மட்டும் நம்பும் கேட்டுகள். நம் வட்டாரத்தில் அப்படிப்பட்டவை எவை, அவற்றுக்கு எப்போது இன்டர்லாக்கிங் வரும் என்று கோட்ட ரயில்வே மேலாளருக்கு ஒவ்வொரு ஊராட்சியும் எழுதிக் கேட்கவேண்டும். அடுத்த கிராம சபையிலேயே அதற்குத் தீர்மானம் போடுங்கள்.