பாம்பன் பாலத்தைத் தின்ற உப்பு

[காட்சி: பழைய தூக்குப்பாலம், தொலைவிலிருந்து]

1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களில், அதாவது தூண்களுக்கு இடையே பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களில், பெரும்பாலானவற்றை 1964 டிசம்பர் புயல் கடலுக்குள் தள்ளியபோதும், கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் நடுவிலிருந்த தூக்குப்பாலம் தப்பி நின்றது. புயலால் சாய்க்க முடியாத அந்தத் தூக்குப்பாலத்தின் மீது 2022 டிசம்பரில் ரயில் ஓட்டத்தை நிறுத்த வைத்தது துரு.

அலைகள் உடையும்போது எழும் நுண்திவலைகளைக் காற்று சுமந்து வந்து இரும்பின் மேல் உப்பாகப் படிய விடுகிறது. மழைக்காலத்தில் சாடியிலுள்ள கல்லுப்பு நீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுவேதான் இங்கும் நடக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். ஆகவே மழையில்லாத நாளிலும் இரும்பின் மேல் ஓர் உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. அந்தப் படலத்துக்கு அடியில் இரும்பு ஓரிடத்தில் எலக்ட்ரான்களை இழந்து கரைய, வேறோரிடத்தில் ஆக்சிஜன் அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. உப்பு அந்த மின்னோட்டத்துக்கு வழிவிடுகிறது.

[காட்சி: ரிவெட் தலை, மிக அருகில்]

மழையைப் பலரும் குற்றவாளியாக்குகிறார்கள். உண்மையில், மழை படும் மேற்பரப்பில் உப்பு அவ்வப்போது கழுவப்பட்டுவிடுகிறது. மழையும் வெயிலும் எட்டாத கர்டரின் அடிப்பக்கம், இரு தகடுகள் சேரும் இடுக்கு, அவற்றைப் பிணைக்கும் ரிவெட் ஆணியின் தலை விளிம்பு ஆகியவற்றில்தான் உப்பும் ஈரமும் தங்கிவிடுகின்றன. அங்கே உருவாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், தகடுகளை நெம்பிப் பிரித்து, மேலும் உப்பு நுழைய வாசல் திறந்துவிடுகிறது. பெயின்ட் அடிக்கும் தூரிகையும் நுழையாத இடம் அது.

[காட்சி: புதிய பாலம்]

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. அவற்றைவிட முக்கியமானது, இணைப்புகள் முழுவதும் வெல்டிங் செய்யப்பட்டிருப்பதே என்பேன். ரிவெட் இல்லாத இடத்தில் உப்பு ஒளியும் இடுக்கும் குறைகிறது. ஆனாலும் எந்தப் பூச்சும் தகட்டின் கூரான ஓரங்களில் மெலிந்தே படியும் என்பதால், கடலோர எஃகு வேலைகளில் ஓரங்களுக்கும் வெல்டிங் மேடுகளுக்கும் தூரிகையால் தனியாக ஒரு கோட் கொடுப்பது வழக்கம்.