மாலையில் வீடு திரும்பும் நோயாளி: ஒரே நாள் அறுவை சிகிச்சையின் தரத்தை அளப்பது எப்படி?

(திரையில்: காலை 7 மணி. மருத்துவமனை வரவேற்பறையில் பையுடன் காத்திருக்கும் ஒருவர்.)

வணக்கம். வெறும் வயிற்றோடு காலையில் வந்து, குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிடும் ஒருவருக்குச் சிகிச்சை நல்லபடியாக நடந்ததா என்பதை எதை வைத்துச் சொல்வது? வார்டில் தங்கும் நோயாளியை மறுநாள் காலையில் மருத்துவர் நேரில் பார்த்துவிடுவார். இவரோ, வலியும் குமட்டலும் வரக்கூடிய முதல் இரவை மருத்துவமனையின் கண்ணில் படாமல் கழிக்கிறார். இந்தத் துறையின் அளவுகோல்கள் வேறுபடுவதற்கு அதுவே காரணம்.

முறை பழையதுதான். கிளாஸ்கோ குழந்தைகள் மருத்துவமனையில் 10 ஆண்டுகளில் இப்படிச் செய்யப்பட்ட 8,988 அறுவை சிகிச்சைகளைப் பற்றி ஜேம்ஸ் நிக்கோல் என்ற மருத்துவர் 1909-இல் அறிக்கை அளித்தார்.

முதலில் ‘ஒரே நாள் அறுவை சிகிச்சை’ என்ற சொல்லின் பொருளைச் சரிபார்க்க வேண்டும். இங்கிலாந்தில் அன்றிரவு தங்காமல் வீடு திரும்பியவர் மட்டுமே இந்தக் கணக்கில் வருவார். இந்தியக் காப்பீட்டு விதிகளிலோ 24 மணி நேரத்துக்குள் முடியும் சிகிச்சை ‘டே கேர்’ எனப்படுகிறது. ஓரிரவு தங்கி விடியற்காலையில் போனவர் ஒரு கணக்கில் சேருவார், மற்றதில் சேரமாட்டார். இதைக் கவனிக்காமல் இரண்டு மருத்துவமனைகளின் விழுக்காடுகளை ஒப்பிடுவது வீண் வேலை.

(திரையில்: ஆபரேஷன் தியேட்டர் பதிவேட்டின் ஒரு பக்கம்.)

இனி செயல்திறன். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, தியேட்டருக்கு ஒதுக்கிய நேரத்தில் 85 விழுக்காடு பயன்பட வேண்டும் என்று இலக்கு வைத்துள்ளது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு குழு ஒருவருக்கு 40 நிமிடம் வீதம் நான்கு பேருக்குச் சிகிச்சை செய்கிறது: பயன்பட்டது 160 நிமிடம், 67 விழுக்காடு. இன்னொரு குழு ஒருவருக்கு 70 நிமிடம் எடுத்து மூன்று பேரை மட்டும் முடிக்கிறது: 210 நிமிடம், 87.5 விழுக்காடு. குறைவாகச் செய்த குழு இலக்கைத் தாண்டிவிட்டது! ஆகவே எத்தனை பேருக்குச் சிகிச்சை நடந்தது, முதல் நோயாளி குறித்த நேரத்தில் உள்ளே போனாரா, ஒருவர் வெளியேறி அடுத்தவர் வருவதற்குள் எத்தனை நிமிடம் போயிற்று என்பவற்றையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், தரம், செயல்திறன் இரண்டையும் ஒருசேரக் காட்டும் எண், அன்றைய தினமே ரத்தான சிகிச்சைகளின் எண்ணிக்கைதான். ஆனால் ரத்து என்று மட்டும் எழுதினால் பயனில்லை, காரணம் வேண்டும். பால் கலந்த காபிக்கும் மயக்க மருந்துக்கும் இடையே ஆறு மணி நேர இடைவெளி வேண்டும் என்று யாரும் விளங்கச் சொல்லாததால் ஒருவர் காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்திருப்பார். இன்னொருவரின் ரத்த அழுத்தம் முன்பரிசோதனையில் கவனிக்கப்படாமல் விடுபட்டிருக்கும். மூன்றாமவரோ, முந்தைய சிகிச்சைகள் இழுத்துக்கொண்டே போனதால், நாளெல்லாம் பட்டினி கிடந்து திரும்பியிருப்பார். மூன்று ரத்துகளும் மூன்று வெவ்வேறு மேசைகளில் நேர்ந்த பிழைகள்.

அடுத்தது, திட்டமிடாமல் இரவு தங்க நேர்ந்தவர்களின் எண்ணிக்கை. இது பூஜ்யமாக இருந்தால் பாராட்டத் தோன்றும். எனக்குச் சந்தேகம்தான் வரும். முதியவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் ஒதுக்கிவிட்டு, சிக்கலில்லாதவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் பூஜ்யம் எளிதில் கிடைத்துவிடும். தண்டுவட மயக்க மருந்துக்குப் பின் சிறுநீர் பிரியாததால் தங்கியவரையும், வீட்டில் துணைக்கு ஆளில்லாததால் தங்கியவரையும் ஒரே வரிசையில் எழுதக் கூடாது.

வீட்டுக்கு அனுப்பலாமா என்பதை முடிவு செய்ய மதிப்பெண் முறை ஒன்று பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும், நடக்கும் திறன், குமட்டல், வலி, ரத்தக் கசிவு என்ற ஐந்துக்கும் தலா 2 வரை கொடுத்து, மொத்தம் 9 அல்லது 10 வந்தால் அனுப்புகிறார்கள். மாலை வண்டிக்கு நேரமாகிறது என்பதற்கு இதில் மதிப்பெண் கிடையாது.

(திரையில்: மறுநாள் காலை, தொலைபேசியில் பேசும் செவிலியர்.)

கடைசியாக, மறுநாள் அழைப்பு. “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால், பெரும்பாலோர் “பரவாயில்லைம்மா” என்றே சொல்வார்கள். “ராத்திரி தூங்கினீர்களா? கட்டு நனைந்ததா? வலிக்கு வேறு எங்காவது காட்டினீர்களா?” என்று தனித்தனியாகக் கேட்டால்தான், “பத்து மணிக்குத் தாங்க முடியவில்லை, பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன்” என்ற பதில் வரும். அந்த ஊசி, சிகிச்சை செய்த மருத்துவமனையின் வேறு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.