சாவியை யார் எடுத்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து முதியவர்களை என்னிடம் அழைத்து வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் மறதியைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. "அப்பத்தா எல்லாரையும் சந்தேகப்படுறாக டாக்டர், வேலைக்கு வர்ற பொண்ணத் திருடிங்கிறாக" என்றுதான் தொடங்குகிறார்கள். பெட்டகச் சாவி முந்தானையிலேயே முடிந்திருக்கும், இல்லாவிட்டால் அரிசிப் பானைக்குள் கிடக்கும். வைத்தது நினைவில்லை, சாவியையும் காணோம். அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. வீட்டிலோ, வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இது டிமென்ஷியா என்கிற மறதிநோயின் அறிகுறியாக இருக்கலாம்.

டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மன் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், 1901-ல் பிராங்பர்ட் மருத்துவமனையில் பரிசோதித்த பெண்மணிக்கும் முதலில் வந்தது கணவர் மேல் சந்தேகம்தான். 1906-ல் அந்தப் பெண்மணி இறந்த பிறகு அவரது மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் உள்ளே இருந்த படிவுகளும் நார்ச்சிக்கல்களும் தெரிந்தன.

படிவில் இருப்பது அமிலாய்டு, சிக்கலில் இருப்பது டாவ். இரண்டும் புரதங்கள். இப்போது இவற்றின் தடயத்தை உயிரோடு இருக்கும்போதே முதுகுத்தண்டு நீரிலும், பெட் ஸ்கேன் என்கிற மூளைப் படத்திலும், ஏன், ரத்தத்திலும்கூடப் பார்க்கலாம். டாவ் புரதத்தின் ஒரு வடிவமான பி-டாவ் 217-ஐ அளக்கும் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது. சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பிள்ளைகள் உடனே போன் போடுகிறார்கள்: "எடுத்துடலாமா டாக்டர்?" எடுக்கலாம், அவசரம் வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த அளவு கூடுதலாகக் காட்டும். அதற்கு முன்னால் தைராய்டும் பி12 வைட்டமினும் பார்த்தாயிற்றா என்றுதான் நான் கேட்பேன்; அவை குறைந்தாலும் மறதி வரலாம்.

அப்புறம், அந்த ரிசல்ட் நோயின் பெயரைச் சொல்லும். ஆச்சி ஏன் சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று அடம்பிடிக்கிறார்கள் என்று சொல்லாது. ஒரே அளவு அமிலாய்டு உள்ள இருவரில் ஒருவர் கத்துவார், இன்னொருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். உண்மையில் இரண்டாமவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். "இப்பத்தான் அமைதியாயிட்டாக" என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். அந்த ஒட்டுதல் இல்லாமையும் நோய்தான்.

நடத்தைக்கான காரணம் பாதி வீட்டிலேயே இருக்கிறது. நம் செட்டிநாட்டு வளவு வீடுகளில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடிகள் இருக்கின்றனவே, அதில் தெரிகிற அம்மாள் தான்தான் என்று தெரியாமல் "யாரு இவ, உள்ள எப்படி வந்தா?" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பழைய வேட்டியைப் போட்டுக் கண்ணாடியை மூடினால் சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மெருகேறிய ஆத்தங்குடித் தரையில் வெளிச்சம் பட்டால் தண்ணீர் நிற்பதுபோல் தோன்றி, கால் வைக்கவே பயப்படுவார்கள். விளக்கை மாற்றிப் பாருங்கள்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று பிதற்றினால், சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ வலியோ இருக்கலாம். அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எத்தனை மணிக்கு, எந்த அறையில், யார் பக்கத்தில் இருக்கும்போது ஆரம்பித்தது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவந்தால் எனக்கு ஸ்கேனைவிட அது உதவும்.

பக்கத்து வீட்டு ஐயாவுக்குக் கேட்டது என்று மனநோய் மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அது இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துத் துறை 2005-லேயே எச்சரித்திருக்கிறது. கண்டிப்பாகத் தேவைப்பட்டால், டாக்டர் பார்த்து, குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்கு மட்டும்.

நன்றி, வணக்கம்.